கொமோடோ டிராகனுக்கு ஆண் குஞ்சு மட்டும், பைப்புழு அந்துப்பூச்சிக்குப் பெண் மட்டும்: பால் குரோமோசோம் ஒரே வகை, விளைவு ஏன் தலைகீழ்?

மேசைவிளக்கு (கேள்வி)

வணக்கம். பிளஸ் டூ விலங்கியலில் வரும் கன்னி இனப்பெருக்கத்துக்காக ஓர் ஒப்பீட்டு அட்டவணை தயாரிக்கிறேன். இடப்பக்கம் கொமோடோ டிராகன் (வாரனஸ் கொமோடோயென்சிஸ்). இந்தோனேசியத் தீவுகளின் பெரிய உடும்பு, 3 மீட்டர் வரை நீளம், வளர்ந்த ஆண் 70 கிலோ அளவுக்கு இருக்கும். வலப்பக்கம் டாலிகா ட்ரைகுவெட்ரெல்லா. ஐரோப்பாவில் மரப்பட்டையிலும் பாறையிலும் லைக்கன், பாசி, செத்த பூச்சிகளைத் தின்று, தானே கட்டிய சிறு பைக்குள் வாழும் பைப்புழுவின் அந்துப்பூச்சி. அந்தப் பை ஒரு சென்டிமீட்டர்கூட வராது. பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது.

இந்த இரண்டையும் எடுத்ததற்குக் காரணம், இரண்டிலும் பெண்ணிடம்தான் இரு வகைப் பால் குரோமோசோம்கள் இருக்கின்றன. ஆண் இசட்-இசட், பெண் இசட்-டபிள்யூ. இரண்டிலும் ஆண் துணை இல்லாமல் முட்டை பொரிகிறது.

சிக்கல் இங்கேதான். டிராகனில் இப்படிப் பிறந்த குஞ்சுகள் எல்லாம் ஆண். அந்துப்பூச்சியிலோ தலைமுறை தலைமுறையாகப் பெண் மட்டுமே.

1. குரோமோசோம் ஏற்பாடு ஒன்றாக இருக்கும்போது விளைவு ஏன் நேரெதிர்? அடைகாக்கும் வெப்பநிலை காரணமா?
2. "கன்னி இனப்பெருக்கத்தில் பிறப்பவை தாயின் நகல்" என்று பல குறிப்புகளில் இருக்கிறது. இரண்டுக்கும் இது பொருந்துமா?
3. முன்பு எப்போதோ சேர்ந்த ஆணின் விந்து உடலில் தங்கியிருந்து முட்டை கருவுறவில்லை என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள்?

செல்நோக்கி

வெப்பநிலையை விட்டுவிடுங்கள். முதலைக்கும் பல ஆமைகளுக்கும் அது பொருந்தும், டிராகனுக்குப் பொருந்தாது. உங்கள் அட்டவணையில் 'பால் குரோமோசோம்' வரிக்குக் கீழே 'எந்த இரண்டு உட்கருக்கள் இணைகின்றன' என்று ஒரு வரி சேருங்கள். முதல் கேள்விக்கு விடை அந்த வரிதான்.

மாணவர்களைத் தாளில் வரையச் சொல்லுங்கள். தாயின் முட்டை செல்லில் ஓர் இசட், ஒரு டபிள்யூ. குன்றல் பிரிவு (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு) தொடங்கும் முன் இரண்டுமே தம்மை இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. முதல் பிரிவில் இசட் இரட்டை ஒரு பக்கமும் டபிள்யூ இரட்டை மறுபக்கமும் போகும். இரண்டாம் பிரிவில் ஒவ்வோர் இரட்டையும் பிளக்கும். இப்போது வரிசையாக நான்கு உட்கருக்கள்: இசட், இசட், டபிள்யூ, டபிள்யூ. வழக்கமாக இவற்றில் ஒன்றுதான் அண்டத்தின் உட்கரு ஆகும். மற்றவை துருவ உறுப்புகளாக ஒதுங்கி அழிந்துபோகும். குறைந்துவிட்ட பாதியை விந்து வந்து நிரப்பும்.

விந்து வராதபோது அந்தப் பாதியை இந்த நான்குக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும். எதை எடுக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

டிராகனில் அண்டத்தின் உட்கருவோடு சேருவது இரண்டாம் பிரிவில் அதனிடமிருந்து பிரிந்த சகோதரி உட்கரு. இதை இறுதி இணைவு என்பார்கள். வரிசையின் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது இசட்-இசட் அல்லது டபிள்யூ-டபிள்யூ. மூன்றாவது வாய்ப்பே இல்லை. டபிள்யூ-டபிள்யூ கருவுக்கு இசட்டில் உள்ள மரபணுக்கள் ஒன்றுகூடக் கிடைக்காது, அதனால் வளராது. மிஞ்சுவது இசட்-இசட், அதாவது ஆண்.

அந்துப்பூச்சியில் நடுவில் இருக்கும் இரண்டு உட்கருக்கள் இணைகின்றன. ஒன்று இசட் பக்கத்திலிருந்து, இன்னொன்று டபிள்யூ பக்கத்திலிருந்து. இது மைய இணைவு. விளைவு ஒவ்வொரு முறையும் இசட்-டபிள்யூ, அதாவது மறுபடி பெண். டாலிகாவில் சில இடத்துப் பூச்சிகளிடம் டபிள்யூவே இருக்காது, பெண்ணுக்கு ஒற்றை இசட் மட்டும். அங்கும் கணக்கு மாறாது. இசட் உள்ள பக்கமும் இல்லாத பக்கமும் சேர்ந்தால் மீண்டும் ஒற்றை இசட், மீண்டும் பெண். சூரிச்சில் ஜேக்கப் சைலர் இந்தப் பூச்சியின் முட்டைகளைச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டறிந்த விஷயம் இது. டி.என்.ஏ. பரிசோதனை எதுவும் இல்லாத காலத்தில் குரோமோசோம்களைக் கண்ணால் எண்ணியே இவ்வளவையும் நிறுவினார். பூச்சியின் உடல் அளவை நினைத்துப் பார்த்தால் அந்த உழைப்பின் மதிப்பு புரியும்.

வகுப்பில் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. முதல் பிரிவிலேயே இசட் ஒன்றும் டபிள்யூ ஒன்றும் சேர்ந்த உட்கருக்களை வரைந்துவிடுவார்கள். அப்படி வரைந்தால் இறுதி இணைவிலும் பெண் வருவதாகத் தோன்றும். இசட்டும் டபிள்யூவும் பிரிவது முதல் பிரிவில், சகோதரிகள் பிரிவது இரண்டாம் பிரிவில். இந்த இரண்டையும் இரு நிறப் பேனாவில் வரையச் சொன்னால் குழப்பம் தீரும்.

இழைமரபு

செல்நோக்கி சொன்னதன் தொடர்ச்சியாக இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'தாயின் நகல்' என்பது டிராகனுக்குத் தவறு. டாலிகாவுக்கு ஏறக்குறைய முழுக்கச் சரி. இதுவும் அதே இணைவின் விளைவுதான், ஆனால் இன்னொரு செய்தியும் சேர வேண்டும்.

சகோதரி உட்கருக்கள் இரண்டும் ஒரே குரோமோசோமின் பிரதிகள். அவை சேர்ந்தால் தாயிடம் ஓர் இடத்தில் 'அ', 'ஆ' என்று இரண்டு அல்லீல்கள் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள்) இருந்தாலும் குஞ்சுக்கு 'அ-அ' அல்லது 'ஆ-ஆ' மட்டுமே கிடைக்கும். குறுக்கேற்றம் (இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடந்திருந்தால், அது நடந்த இடத்திலிருந்து குரோமோசோமின் நுனி வரை உள்ள பகுதியில் மட்டும் 'அ-ஆ' தப்பிப் பிழைக்கும். ஆகவே ஒரே ஈட்டில் பிறந்த குஞ்சுகளே ஒன்றுக்கொன்று வேறுபடும். எல்லாக் குஞ்சுகளின் அல்லீல்களையும் சேர்த்து வைத்தால் தாயின் மரபணு வகை முழுதாகக் கிடைக்கும். தனியாக எடுத்தால் ஒன்றும் தாயைப் போல் இருக்காது. 2006 டிசம்பரில் நேச்சர் இதழில் இங்கிலாந்தின் செஸ்டர், லண்டன் விலங்கியல் பூங்காக்களின் டிராகன்களைப் பற்றி வந்த கட்டுரை காட்டியது இதைத்தான்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. தாயிடம் ஒற்றைப் பிரதியாக ஒளிந்திருந்த கெட்ட அல்லீல் குஞ்சில் இரட்டைப் பிரதியாகிவிடும். டபிள்யூ-டபிள்யூ என்பதால் பாதிக் கருக்கள் தொடக்கத்திலேயே போகின்றன. மீதியில் சில இந்தக் காரணத்தால் பாதி வளர்ச்சியில் இறக்கின்றன. செஸ்டரில் ஃப்ளோரா என்ற பெண் இட்ட 25 முட்டைகளில் 11 மட்டுமே உயிருள்ளவையாகத் தெரிந்தன. லண்டனில் சுங்காய் இட்ட 22 முட்டைகளில் 4 பொரிந்தன.

டாலிகாவுக்கு வாருங்கள். மைய இணைவில் வெவ்வேறு பக்கத்து உட்கருக்கள் சேர்வதால் 'அ'வும் 'ஆ'வும் திரும்பச் சேர்கின்றன. இங்கேயும் குறுக்கேற்றம் நடந்தால் சில பகுதிகளில் 'அ-அ' ஆகிவிடும் வாய்ப்பு உண்டு. ஆனால் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனங்களில் பெண்ணின் முட்டை உருவாகும்போது குறுக்கேற்றமே நடப்பதில்லை, ஆணில் மட்டுமே நடக்கிறது. அதனால் மைய இணைவு தாயின் மரபணு வகையைச் சிதையாமல் அப்படியே திருப்பித் தருகிறது. குன்றல் பிரிவு நடந்தும் நகல் கிடைக்கிறது! இந்த ஒற்றைப் புள்ளிக்காகவே இந்தப் பூச்சியை உங்கள் அட்டவணையில் வைக்கலாம்.

டிராகனில் கன்னிப் பிறப்பு இடைக்கால ஏற்பாடாக நிற்பதற்கும், டாலிகாவில் அதுவே நிரந்தர வாழ்க்கை முறை ஆனதற்கும் இது ஒரு பெரிய காரணம். டிராகனின் முறை ஒரு தலைமுறையிலேயே மரபு வேறுபாட்டைப் பெருமளவு தின்றுவிடும். பிறப்பதும் ஆண், அது தன்னந்தனியாக முட்டையிட முடியாது. டாலிகாவில் இந்தத் தடைகள் இரண்டும் இல்லை.

மேசைவிளக்கு

படம் வரைந்து பார்த்தேன், தெளிவாக இருக்கிறது. மிக்க நன்றி. மூன்றாவது கேள்வி பாக்கி. பூங்காவில் டிராகன் முட்டையையும் களத்தில் பூச்சியையும் உண்மையில் எப்படிச் சோதிக்கிறார்கள்? மாணவர்களுக்கு 'டி.என்.ஏ. சோதனை செய்தார்கள்' என்று ஒரே வரியில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

கூண்டுப்பொறுப்பு

டிராகன் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

'தனியாகத்தான் இருந்தது' என்பது சான்று ஆகாது. ஊர்வனவற்றில் பெண் விந்தை மாதக்கணக்கில் சேமிக்கும், சில பாம்புகளில் ஆண்டுக்கணக்கிலும் சேமிக்கும். சுங்காய் ஆணோடு கடைசியாக இருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து முட்டையிட்டதால் முதலில் சேமித்த விந்து என்றே நினைத்தார்கள். ஃப்ளோரா ஆணையே பார்த்ததில்லை, அதனால் அங்கே சந்தேகம் வேறு திசையில் திரும்பியது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவின் சாட்டனூகா பூங்காவில் சார்லி என்ற பெண்ணோடு ஓர் ஆணையும் விட்டிருந்தார்கள். 2019இல் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. 2020இல் வந்த மரபணுச் சோதனை முடிவு அவற்றுக்குத் தந்தை இல்லை என்றது. மூன்றும் ஆண். ஆண் உடனிருந்ததாலேயே அதுதான் தந்தை என்றும் எழுதிவிடக் கூடாது.

முட்டையை எடுப்பதிலிருந்து தொடங்குகிறேன். இட்ட உடனே மேல்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் குறியிடுங்கள். கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். கோழி முட்டையை அடைகாத்துப் பழகியவர்கள் தவறுவது இங்கேதான். வெர்மிகுலைட்டும் (ஈரம் தாங்கும் கனிமத் துகள்) தண்ணீரும் எடைக்கு எடை சமமாகக் கலந்த படுக்கையில் முட்டையைப் பாதி புதைத்து, 28 முதல் 29 டிகிரி செல்சியஸில் வைக்கலாம். பொரிய 7 முதல் 8 மாதம் ஆகும். படுக்கை காய்ந்தால் முட்டை குழிவிழும், நீர் அதிகமானால் ஓடு வீங்கிப் பூஞ்சை பிடிக்கும். பெட்டியை வாரம் ஒருமுறை எடைபோட்டு, குறைந்த அளவு நீரை மட்டும் ஓரமாக ஊற்றுங்கள், முட்டை மேல் படக் கூடாது.

கன்னி முட்டை ஈட்டில் பல முட்டைகள் நடுவிலே நின்றுபோகும் என்பதை இழைமரபு விளக்கிவிட்டார். நின்றுபோனவற்றைத் தூக்கி எறியாதீர்கள், சோதனைக்கு அவையே முதல் மாதிரி. செஸ்டரில் நடந்தது அதுதான். அடைகாப்புப் பெட்டியில் குழிந்துபோன மூன்று முட்டைகளின் கருக்களிலிருந்தே டி.என்.ஏ. எடுத்தார்கள், மற்றவை பொரியும் முன்பே விடை தெரிந்துவிட்டது.

மாதிரி எடுப்பதில் கவனிக்க வேண்டியவை நாலைந்து இருக்கின்றன. ஓட்டின் வெளிப்புறத்தைத் துடைத்து எடுத்தால் தாயின் செல்கள் கலந்து வரும், அப்புறம் எல்லாக் குஞ்சும் தாயின் நகல் போலத் தெரியும். கருவின் திசுவை எடுங்கள், அல்லது பொரிந்த ஓட்டின் உட்சவ்விலுள்ள இரத்தக் குழாய்களை எடுங்கள். 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலினில் போட்ட திசுவின் டி.என்.ஏ. துண்டாகி, பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கும் முறை) சரியாக நடக்காது. இறந்த கருவை 28 டிகிரியில் நாள்கணக்கில் விட்டுவைத்தாலும் அதே கதிதான். தாயின் மாதிரிக்கு வால் சிரையிலிருந்து கால்நடை மருத்துவர் எடுக்கும் இரத்தம் நல்லது, உரிந்த தோலும் உதவும். அந்தப் பெண் எப்போதாவது சேர்ந்திருக்கக்கூடிய எல்லா ஆண்களின் மாதிரியும் வேண்டும்.

இனி, முடிவை எப்படிப் படிப்பது? மைக்ரோசாட்டிலைட் (டி.என்.ஏ.வில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும்) இடங்களில் தாயிடம் இரு வேறு அல்லீல்கள் உள்ள இடங்களை மட்டும் கணக்கில் எடுங்கள். தாயிடமே 'அ-அ' என்றால் அந்த இடம் பெரிதாக எதையும் சொல்லாது. தாயிடம் இல்லாத ஓர் அல்லீல் குஞ்சிடம் நிச்சயமாகத் தெரிந்தால் தந்தை உண்டு, பேச்சு முடிந்தது. எல்லா அல்லீல்களும் தாயிடமிருந்தே வந்து, 'அ-ஆ' இடங்கள் குஞ்சில் 'அ-அ' அல்லது 'ஆ-ஆ' ஆக மாறியிருந்தால் அது இறுதி இணைவின் கைரேகை. தந்தைக்கும் தற்செயலாகத் தாயின் அதே 'அ-ஆ' வகை இருந்தது என்று மிக மோசமாக வைத்துக்கொண்டாலும், ஓர் இடத்தில் குஞ்சு ஒரே அல்லீலோடு வருவதற்கு வாய்ப்பு பாதிதான். ஒன்றையொன்று சாராத 10 இடங்களிலும் அப்படியே வருவதற்கு 1024இல் 1. இரண்டு குஞ்சுகளில் வந்தால் பத்து லட்சத்தில் 1க்கும் கீழே போய்விடும்.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. டி.என்.ஏ. அளவு மிகக் குறைவாக இருந்தால் இரண்டு அல்லீல்களில் ஒன்று மட்டும் பி.சி.ஆரில் பெருகி, 'அ-ஆ' உள்ள குஞ்சும் 'அ-அ' போலக் காட்டும். கன்னிப் பிறப்பின் அடையாளமும் அதே தோற்றம்தான் என்பதால் இது ஆபத்தான பிழை. ஒவ்வொரு மாதிரியையும் குறைந்தது மூன்று முறை தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். தாயின் மாதிரி அதே ஓட்டத்தில் 'அ-ஆ' என்று தெளிவாக வருகிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாகப் பாலினம். டிராகன் குஞ்சின் பாலை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. டபிள்யூ குரோமோசோமுக்கு உரிய துண்டைத் தேடும் பி.சி.ஆர். இருக்கிறது. அதில் ஒரு குஞ்சு பெண் என்று வந்தால், கன்னிப் பிறப்பு என்ற முடிவை நிறுத்திவைத்து முதலில் மாதிரிகளைச் சரிபாருங்கள். இறுதி இணைவில் பெண் வர வழியில்லை.

லைக்கன்தடம்

அந்துப்பூச்சியில் வேலை இதைவிட எளிது, பணச் செலவும் குறைவு. ஆனால் காலம் தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

முழுதாக வளர்ந்த புழு வசந்த காலத் தொடக்கத்தில் தரைமட்டத்திலிருந்து மரத்தண்டு, பாறை, வேலிக்கம்பு என்று ஏதாவதில் ஏறி, பையின் ஒரு முனையைப் பட்டு நூலால் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பையின் குறுக்குவெட்டு முக்கோணமாக இருக்கும், மேலே மணலும் பட்டைத் துகளும் பூச்சி ஓட்டுத் துண்டுகளும் ஒட்டியிருக்கும். பூச்சி வெளிவரும் முன்பே இந்தப் பைகளை எடுத்துவிட வேண்டும். கத்தி முனையால் ஒட்டுப்பகுதியோடு சேர்த்து நெம்பி எடுங்கள். விரலால் பிடுங்கினால் பை நசுங்கி உள்ளே இருப்பது செத்துவிடும்.

ஒரு கண்ணாடிக் குழாயில் ஒரே ஒரு பை. இதில் மட்டும் சோம்பல் கூடாது. இரண்டை ஒன்றாகப் போட்டு, அதில் ஒன்று ஆணாக இருந்துவிட்டால் சோதனை வீண். வாயைப் பஞ்சால் அடையுங்கள், கார்க் போட்டால் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சை வரும். நேரடி வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு குழாயிலும் மரம், உயரம், தேதி எழுதிய சீட்டு இருக்கட்டும்.

வெளிவந்த பெண்ணின் நடத்தையே பாதி விடையைச் சொல்லிவிடும். ஆணோடு சேர்ந்து இனம்பெருக்கும் வகைப் பெண் பையின் மேல் உட்கார்ந்து, முட்டையிடு குழாயை வெளியே நீட்டி, மணம் பரப்பி ஆணை அழைக்கும். ஆண் வராவிட்டால் மறுநாளும் அழைக்கும். கன்னி வகைப் பெண்ணோ வெளிவந்த கொஞ்ச நேரத்திலேயே திரும்பி, தான் விட்டு வந்த பைக்குள் முட்டைகளை இறக்கத் தொடங்கிவிடும். வாய் உறுப்புகள் பயன்படாதவை என்பதால் இரை எடுக்காது, சில நாளில் இறந்துவிடும். முட்டை இட்டது மட்டும் போதாது, புழு பொரிகிறதா என்று பார்க்க வேண்டும். சேராத பெண்ணும் சாகும் தறுவாயில் பொரியாத சில முட்டைகளை இடலாம்.

கூண்டுப்பொறுப்பு சொன்ன அதே கணக்கு இங்கேயும் வேலை செய்யும். ஆண் பெண் சரிபாதியாக உள்ள இடமாக இருந்தால், எடுத்த 10 பைகளிலும் பெண்ணே வருவதற்கு வாய்ப்பு 1024இல் 1. ஆனால் இரண்டு வகையும் ஒரே காட்டில் கலந்திருக்கும் இடங்களும் உண்டு, அங்கே ஆண் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கன்னி வகை இல்லை என்று எழுத முடியாது. பெண்களை ஒவ்வொன்றாகவே தீர்மானிக்க வேண்டும்.

குரோமோசோம் தொகுதி (முழுக் குரோமோசோம் கூட்டத்தின் ஒரு பிரதி) எத்தனை என்று அறிய ஃப்ளோ சைட்டோமெட்ரி பயன்படுகிறது. பூச்சியின் தலையை நசுக்கி, சாயமேற்றி, உட்கருவிலுள்ள டி.என்.ஏ. அளவை, அளவு தெரிந்த ஒரு பூச்சியோடு ஒப்பிடுவார்கள். டாலிகாவில் மூன்று வகைகள்: சேர்ந்து பெருகும் இரட்டைத் தொகுதி, கன்னியாகப் பெருகும் இரட்டைத் தொகுதி, கன்னியாகப் பெருகும் நான்கு தொகுதி. பரவலாகக் கிடைப்பது கடைசி வகைதான். ஆல்ப்ஸ் மலையில் பனியுகத்தில் பனி மூடாமல் தப்பிய பகுதிகளிலும் அவற்றின் ஓரங்களிலும் சேர்ந்து பெருகும் வகை நிற்கிறது. பனி விலகிய நிலங்களைப் பிடித்துக்கொண்டது நான்கு தொகுதி வகை. இறக்கையில்லாத பூச்சிக்கு ஒரே ஒரு புழு போய்ச் சேர்ந்தாலே புதிய குடியிருப்பு தொடங்கிவிடும் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று யோசியுங்கள். டிராகன் தனியாக ஒரு தீவில் ஒதுங்கினால் முதலில் மகன்கள் பிறக்க வேண்டும், அவை வளர வேண்டும், பிறகு தாயும் மகனும் சேர வேண்டும்.

புற்றுமண்

அட்டவணையின் தலைப்பில் 'ஊர்வன' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள், 'கொமோடோ டிராகன்' என்றே எழுதுங்கள். ஊர்வனவற்றுக்குள்ளேயே விடைகள் மாறுகின்றன.

2010இல் போவா பாம்பு ஒன்று ஆண் மரபணுவே இல்லாத பெண் குட்டிகளை ஈன்றது. எல்லாப் பாம்புகளும் இசட்-டபிள்யூ என்று அப்போது நம்பியதால், அந்தக் குட்டிகள் டபிள்யூ-டபிள்யூ என்றும், டபிள்யூ-டபிள்யூ உயிர் பிழைக்கும் என்றும் எழுதினார்கள். 2017இல் போவாவும் மலைப்பாம்பும் நம்மைப் போல் எக்ஸ்-ஒய் வகை என்று தெரிந்தது. தாய் எக்ஸ்-எக்ஸ் என்றால் எந்த இரண்டு உட்கருக்கள் சேர்ந்தாலும் எக்ஸ்-எக்ஸ்தான், பெண்தான். வியப்பு அங்கேயே கரைந்துவிட்டது.

முதலையில் பால் குரோமோசோமே இல்லை, அடைகாக்கும் வெப்பநிலைதான் பாலைத் தீர்மானிக்கிறது. கோஸ்ட்டாரிக்காவில் 16 ஆண்டுகள் தனியாக வளர்ந்த ஓர் அமெரிக்க முதலை 2018இல் இட்ட முட்டைகளில் ஒன்றில் முழுதாக உருவான, ஆனால் உயிரில்லாத குஞ்சு இருந்தது. அதற்குத் தந்தை இல்லை என்று 2023இல் வெளியிட்டார்கள். அது பெண். அங்கே பாலினத்தை வைத்து இணைவு வகையைச் சொல்லவே முடியாது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கையில் காட்ட உதாரணம் வேண்டுமென்றால் பூந்தொட்டி மண்ணில் கிடைக்கும் புழுப்பாம்பைக் காட்டுங்கள். மண்புழு என்று நினைத்துப் பலர் மிதித்துவிடுகிறார்கள். நஞ்சில்லை, எறும்பு, கறையானின் முட்டையையும் புழுவையும் தின்னும். மூன்று தொகுதிக் குரோமோசோம், பெண் மட்டுமே, எப்போதும் கன்னி இனப்பெருக்கம். பூந்தொட்டிகளோடு பயணம் செய்து உலகின் வெப்ப நாடுகள் முழுக்கப் பரவிவிட்டது. முதுகெலும்பு உள்ள விலங்கில் டாலிகாவின் வாழ்க்கை முறைக்கு நெருக்கமாக வருவது டிராகன் இல்லை, இந்தப் பாம்புதான்.

கூட்டுநூல்

ஒரே பூச்சியில் இரண்டு விடைகளையும் பார்க்க முடியும் என்பதைச் சேர்க்கிறேன். பட்டுப்பூச்சி. இதுவும் பெண் இசட்-டபிள்யூ.

சோவியத் விஞ்ஞானி போரிஸ் அஸ்தௌரோவ் உருவாக்கிய முறை: சேராத பெண்ணின் வயிற்றிலிருந்து எடுத்த முட்டைகளை 46 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 18 நிமிடம் வைத்து எடுப்பது. அந்தச் சூடு குன்றல் பிரிவில் எண்ணிக்கை குறைவதைத் தடுத்து, முட்டையை வளர்ச்சிக்குத் தூண்டுகிறது. குறையாத உட்கருவே கருவாக வளர்வதால் பிறப்பவை எல்லாம் பெண், தாயின் நகல். வெப்பம் மிகவும் கூடினால் முட்டை செத்துவிடும், குறைந்தால் தூண்டுதல் சரியாக நடக்காது. அதனால் நீர்த்தொட்டியில் தொடர்ந்து கலக்கிவிட வேண்டும், வெப்பமானி முட்டைகளின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எல்லாப் பட்டுப்பூச்சி வம்சமும் ஒரே அளவில் இதற்கு இணங்குவதில்லை.

பின்னாளில் குன்றல் பிரிவை நடக்கவிட்டு அதன் பிறகு எண்ணிக்கை இரட்டிக்கும் முறையில் கன்னி முட்டைகளை வளர்த்தபோது வந்தவை ஆண்கள், ஒவ்வொரு மரபணு இடத்திலும் இரட்டைப் பிரதி. டிராகன் குஞ்சுகளின் கதைதான் பூச்சியில் நடந்திருக்கிறது. ஆகவே 'டிராகன் என்பதால் ஆண், பூச்சி என்பதால் பெண்' என்று மாணவர்கள் மனப்பாடம் செய்யாமல் இருக்க, அட்டவணையில் மூன்றாவது நெடுவரிசையாகப் பட்டுப்பூச்சியை வைக்கலாம். ஆண் கூடுகளில் பட்டின் விகிதம் அதிகம் என்பதால் இதில் தொழில் அக்கறையும் இருந்தது.

மேசைவிளக்கு

மூன்றாவது நெடுவரிசை சேர்த்துவிட்டேன். லைக்கன்தடம் சொன்ன நான்கு தொகுதிப் பெண்ணை ஒரு சாதாரண ஆணோடு சேர்த்தால் என்ன பிறக்கும்? மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

செல்நோக்கி

சைலர் அதையும் செய்து பார்த்திருக்கிறார். பிறந்தவை மூன்று தொகுதி உள்ள இடைப்பாலிகள், உடலின் சில பகுதிகள் ஆணாகவும் சில பகுதிகள் பெண்ணாகவும் இருந்தன.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். ஒற்றை இசட் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆணுக்கு 2 தொகுதிக்கு 2 இசட், விகிதம் 1. சாதாரணப் பெண்ணுக்கு 2 தொகுதிக்கு 1 இசட், விகிதம் பாதி. நான்கு தொகுதிக் கன்னிப் பெண்ணுக்கு 4க்கு 2, அதே பாதி, அதனால்தான் அது தடுமாற்றமில்லாத பெண். அதன் குறைந்த முட்டையில் 2 தொகுதி, 1 இசட். ஆணின் விந்தில் 1 தொகுதி, 1 இசட். சேர்ந்தால் 3 தொகுதிக்கு 2 இசட். மூன்றில் இரண்டு என்பது பெண்ணின் பாதிக்கும் ஆணின் ஒன்றுக்கும் நடுவே நிற்கிறது.

இந்தக் கணக்கைப் பட்டுப்பூச்சிக்குப் போடாதீர்கள். அங்கே டபிள்யூவிலிருந்து வரும் ஒரு சிறு ஆர்.என்.ஏ. தான் பெண்மையைத் தொடங்கிவைக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் கண்டார்கள். டபிள்யூ இருந்தால், இசட் எத்தனை இருந்தாலும் பெண்.